பள்ளிக்கூட ரூம்ல காத்து சரியில்லையா? அறிகுறிய வச்சு எங்கேர்ந்து தேடுறது, டெல்டா பக்கத்து ஆளுங்களுக்கு

போன வருசம் ஆடி மாசம் திருவாரூர் பக்கத்துல ஒரு பள்ளிக்கூடத்துலேர்ந்து போன். "தம்பி, ரெண்டு ஏர் பியூரிஃபையர் வாங்கி வச்சாச்சு, அப்பயும் புள்ளைவோ தலவலி தலவலிங்குதுவோ, மெஷின் டூப்ளிகேட்டான்னு வந்து பாத்து சொல்லு"ன்னாங்க ஹெச்எம் டீச்சர். போனேன். மெஷின் நல்ல மெஷின்தான். ரூம்ல 46 புள்ளைவோ, கிழக்கு ஜன்னல் மூடியிருக்கு ஏன்னா ரோட்டு தூசி, மேக்கு ஜன்னல் மூடியிருக்கு ஏன்னா காத்துல நோட்டு பறக்குது, மேல சுவத்துல கட்டும்போதே விட்ட சிமெண்ட் ஜாலி இருக்கு பாருங்க அதுக்குள்ள பழைய சார்ட் பேப்பர சுருட்டி சுருட்டி திணிச்சு வச்சிருக்காங்க, கேட்டா குருவி கூடு கட்டுதாம். மீட்டர வச்சேன், மூணாவது பீரியட் முடியிறப்ப கார்பன் டை ஆக்சைடு 2,700 பிபிஎம் (பத்து லட்சம் பங்கு காத்துல இத்தன பங்குன்னு அர்த்தம்) காட்டுது. பியூரிஃபையர் தூசிய புடிக்கும், கார்பன் டை ஆக்சைட புடிக்காது, அது பாட்டுக்கு அதே காத்த சுத்தி சுத்தி விட்டுக்கிட்டு இருந்துருக்கு. ஸ்டூல் போட்டு ஏறி சார்ட்டையெல்லாம் புடுங்கி போட்டேன், அதுல ஒண்ணுல "தூய காற்று"ன்னு படம் வரஞ்சிருந்துது, சத்தியமா.

நான் ஏசி மெக்கானிக்கா ஆரம்பிச்சு இப்ப ஸ்கூலு, கல்யாண மண்டபம், ஆஸ்பத்திரின்னு பில்டிங் மெயின்டனன்ஸ் பாக்குற ஆளு, கும்பகோணத்துலேர்ந்து வேதாரண்யம் வரைக்கும் ஓடுறதுதான் பொழப்பு. அந்த அனுபவத்துல அறிகுறி வாரியா எழுதுறேன், உங்க பள்ளிக்கூடத்துக்கு எது ஒத்து வருதோ அத மட்டும் படிச்சுக்கலாம். ஆனா அடுத்து வர்ற ரெண்டு பகுதிய மட்டும் எல்லாரும் படிச்சுடுங்க.

இது நடந்தா படிச்சுக்கிட்டு இருக்காதீங்க, வெளிய போங்க

ஒரே ரூம்ல அஞ்சாறு பேருக்கு ஒரே நேரத்துல தலவலி, கிறுகிறுப்பு, வாந்தி வர்ற மாதிரி இருக்கு, வெளிய வந்தா தெளியுதுன்னா கார்பன் மோனாக்சைடா இருக்கலாம். இதுக்கு வாசனையே கிடையாது. ஆண்டு விழாவுக்கு ஜெனரேட்டர வராண்டாவுல வச்சு ஓட்டுறது, மழைக்கு வெறகடுப்ப உள்ள கொண்டாந்து வச்சு சமைக்கிறது, பெரும்பாலும் இந்த ரெண்டுலதான் வரும். எல்லாரையும் மைதானத்துக்கு கொண்டு வந்துட்டு ஜெனரேட்டர நிறுத்துங்க, 108 கூப்புடுங்க. ஜன்னல தொறந்து விட்டா சரியாப் போயிடும்னு யாரையும் உள்ள உக்கார வைக்காதீங்க.

சமையக்கட்டு பக்கம் கேஸ் வாடை வந்தா சுவிட்ச்சு எதையும் போடவும் கூடாது அணைக்கவும் கூடாது, எக்ஸாஸ்ட் ஃபேனும் சேத்துதான். எல்பிஜி காத்த விட கனம், தரையோட தங்கும், அதனால கீழ இருக்குற கதவ தொறந்து விட்டு, கை எட்டுனா ரெகுலேட்டர மூடிட்டு, வெளிய வந்து 1906க்கு போன் போடுங்க.

ஆசிட்டையும் பிளீச்சிங் பவுடரையும் ஒரே பக்கெட்ல போட்டா குளோரின் வாயு வரும், நெஞ்சு எரியும், இருமல் நிக்காது. இத எழுத வேண்டி இருக்குறதுக்கு காரணம் நானே ரெண்டு பள்ளிக்கூடத்துல பாத்ததுதான். "ரெண்டும் சேத்தா நல்லா வெளுக்கும்"னு ஆயாம்மா சொன்னாங்க, அவங்கள குத்தம் சொல்ல முடியாது, யாரும் சொல்லிக் குடுக்கல.

அப்பறம் ஒரு 40 பக்கம் நோட்டு

மீட்டர் வாங்குறதுக்கு முன்னாடி நோட்டு வாங்குங்க. என்னைக்கு, எத்தன மணிக்கு, எந்த ரூம், எத்தன பேரு, என்ன பண்ணுது, வாசன இருக்கா, ஜன்னல் தொறந்திருந்துதா மூடியிருந்துதா, வெளிய மழையா வெயிலா, காத்து எந்தப் பக்கத்துலேர்ந்து. அவ்வளவுதான். ரெண்டு வாரம் எழுதுனா பாதி விடை அதுலயே வந்துடும். டீச்சருங்களுக்கு ஏற்கனவே ஆயிரம் ரெஜிஸ்டர் இருக்கு, எட்டாவது ஒம்போதாவது புள்ளைவோகிட்ட குடுத்துப் பாருங்க, ஜன்னல் கம்பியில ஒரு நூல கட்டி விட்டு காத்து திசைய எழுதுறதுக்கு அடிச்சுக்கும்.

மூணு கேள்வி முக்கியம். பள்ளிக்கூடம் விட்டு வீட்டுக்குப் போனா சரியாப் போகுதா? ஒரு ரூம்ல மட்டுமா எல்லா ரூம்லயுமா? காலையிலயா, மதியத்துக்கு மேலயா, திங்கக்கெழமை மட்டுமா? ஒரே ஒரு புள்ளைக்கு மட்டும், வீட்டுலயும் ராத்திரியிலயும் அதே இருமல்னா அது பில்டிங் வேல இல்ல, டாக்டர்கிட்ட காட்ட வேண்டியது. ஆனா ஆஸ்துமா உள்ள புள்ளைக்குத்தான் ரூம்ல இருக்குற கோளாறு மொதல்ல தெரியும், அதையும் மனசுல வச்சுக்கிட்டு அந்தப் புள்ளைய எந்த பெஞ்சுல உக்கார வச்சிருக்காங்கன்னு பாருங்க, நெறைய தடவ ஓதம் (ஈரம்) ஏறுன சுவத்து ஓரமாத்தான் இருக்கும்.

அறிகுறி: போகப் போக தூக்கம், தலவலி, ரூமுக்குள்ள நொழஞ்சா ஒரு புழுக்கம்

முக்காவாசி புகார் இதுதான். காலையில முத பீரியட்ல ஒண்ணும் தெரியாது, நேரம் ஆக ஆக ஏறும், இன்டர்வெல் விட்டா கொஞ்சம் கொறையும். இப்புடி இருந்தா வெளிக்காத்து பத்தலன்னு அர்த்தம். சீலிங் ஃபேன் அஞ்சு ஓடுதேம்பாங்க. ஃபேன் உள்ள இருக்குற காத்த கலக்கும், ஒரு சொட்டு வெளிக்காத்த கொண்டு வராது. ஸ்ப்ளிட் ஏசியும் அப்புடித்தான், வெளிய தொங்குற பொட்டி சூட்ட வெளிய தள்ளுதே தவிர காத்த உள்ள இழுக்குறதில்ல.

இத அளக்கணும்னா கார்பன் டை ஆக்சைடு மீட்டர் ஒண்ணு வேணும், என்டிஐஆர் சென்சார்னு (அகச்சிவப்பு ஒளிய வச்சு கார்பன் டை ஆக்சைடயே நேரா அளக்குறது) போட்டிருக்குறத பாத்து வாங்குங்க. வெல கொறஞ்ச சிலது வேற வாயுவ பாத்து கணக்குப் போட்டு சும்மா ஒரு நம்பர காட்டும், கண்டுபிடிக்க ஈசி, கையில சானிடைசர் தடவி பக்கத்துல கொண்டு போங்க, நம்பர் எகிறி குதிச்சா அது போலி. மொதல்ல மைதானத்துல கொஞ்ச நேரம் வச்சுப் பாருங்க, 420 பக்கம் நிக்கணும். அப்பறம் ரூம்ல, புள்ளைவோ உக்காந்தா தல இருக்குற ஒசரத்துல வைங்க, ஆனா யாரோட மூஞ்சிக்கு நேரயும் வேணாம், ஜன்னல் ஓரத்துலயும் வேணாம்.

1,000க்குள்ள இருந்தா நல்லது. 1,500 தாண்டுனா ஜன்னல பத்தி பேசியாகணும். 2,500, 3,000னா ரூம் மூடி கெடக்குதுன்னு அர்த்தம். 1,000ங்கிறது வெஷ அளவு இல்ல, பயந்துக்க வேணாம், அடுத்தவன் விட்ட மூச்ச எவ்வளவு திரும்ப இழுக்குறோம்னு காட்டுற ஒரு அளவு, அம்புட்டுதான். அதனாலதான் ஒருத்தனுக்கு சளி வந்தா அந்த ரூமுக்கே வருது.

எனக்கு ரொம்ப புடிச்ச டெஸ்ட்டு ஒண்ணு இருக்கு. ரூம்ல அளவு 2,000 தாண்டுனதும் புள்ளைவோள விளையாட அனுப்பிடுங்க, ஜன்னல் கதவெல்லாம் வழக்கமா பாடம் நடக்குறப்ப எப்புடி இருக்குமோ அப்புடியே விடுங்க, ஆளில்லாத ரூம்ல 2,000லேர்ந்து 1,000க்கு எறங்க எத்தன நிமிஷம் ஆகுதுன்னு மட்டும் பாருங்க. கணக்குப்படி கிட்டத்தட்ட ஒரு தடவ ரூம் காத்து முழுசா மாறுற நேரம் அதுதான். 20 நிமிஷம் ஆச்சுன்னா மணிக்கு மூணு தடவ மாறுதுன்னு அர்த்தம். எவ்வளவு வேணும்? ஆளுக்கு நிமிஷத்துக்கு 15 கன அடி வெளிக்காத்துங்கிறது ஏசி காரங்க போடுற கணக்கு. 20க்கு 20 அடி ரூம், 10 அடி ஒசரம், 40 பேருன்னா மணிக்கு ஒம்போது தடவ மாறணும். அதாவது ஏழு நிமிஷத்துக்குள்ள எறங்கணும். நான் பாத்ததுல ரெண்டு பக்கமும் ஜன்னல் தொறந்த பழைய ஓட்டுக் கட்டடமெல்லாம் மூணு நாலு நிமிஷத்துல எறங்கிடுது, புதுசா கட்டுன காங்கிரீட் ரூம்தான் அரமணி நேரம் முக்குது.

சரி பண்றது எப்புடி? ஒரே பக்கம் நாலு ஜன்னல் தொறக்குறத விட எதிரெதிர்ல ஒண்ணு ஒண்ணு தொறக்குறது மேல். எதிர் சுவத்துல ஜன்னலே இல்லன்னா வராண்டா பக்கத்து வென்டிலேட்டர தொறங்க, அட்டை வச்சு அடச்சிருந்தா எடுத்துட்டு கோழி வலையோ கொசு வலையோ அடிங்க, குருவியும் வராது காத்தும் வரும். வலைய மூணு மாசத்துக்கு ஒரு தடவ பிரஷ்ஷால தேச்சு விடணும், நூலாம்படையும் தூசியும் சேந்து அதுவே ஒரு சுவரா ஆயிடும். எக்ஸாஸ்ட் ஃபேன் இருந்தா ஒரு ஊதுபத்திய கொளுத்தி கிட்ட காட்டுங்க, பொக வெளிய போகணும். உள்ள வந்தா ஒயர மாத்தி குடுத்திருக்காங்க இல்லாட்டி ஃபேனையே திருப்பி மாட்டியிருக்காங்க. இதையே கதவு இடுக்குலயும் காட்டிப் பாருங்க, ஒரு பள்ளிக்கூடத்துல எக்ஸாஸ்ட் ஓடும்போது பொக கக்கூஸ் பக்கத்துலேர்ந்து ரூமுக்குள்ள வந்துது, ஜன்னல் எல்லாத்தையும் மூடிட்டு ஃபேன போட்டா அது எங்கேர்ந்துதான் காத்த இழுக்கும் சொல்லுங்க.

இன்னொண்ணு, இது காத்தே இல்லாத கேஸு. ஷீட்டு போட்ட ரூம், மதியம் ரெண்டு மணிக்கு தலவலி, மீட்டர்ல 700தான் காட்டுது. தலைக்கு மேல இருக்குற ஷீட்டு சூடு, அதோட தண்ணி குடிக்காதது. பொம்பளப் புள்ளைவோகிட்ட டீச்சர விட்டு தனியா கேக்கச் சொல்லுங்க, கக்கூஸ் சரியில்லைன்னு காலையிலேர்ந்து தண்ணியே குடிச்சிருக்காதுவோ. அங்க ரிப்பேர் பண்ண வேண்டியது கக்கூஸ் தாப்பாளும் தண்ணிக் கொழாயும்.

ஜன்னல், கதவு சம்பந்தமா ஒண்ணு சொல்லிடுறேன். ஏசிக்காகவோ தூசிக்காகவோ ரெண்டாவது வாசல பூட்டுறது, பூட்டு போட்ட கிரில் வைக்கிறது, இதெல்லாம் யாரு கேட்டாலும் நான் செய்ய மாட்டேன். 2004 ஜூலை 16 கும்பகோணத்துல சமையக்கட்டு தீ கூரைக்கு ஏறி 94 புள்ளைவோ போச்சுதுவோ. நான் அந்த ஊருக்காரன்.

அறிகுறி: ஐப்பசி கார்த்திகைக்கு மேல ஓதவாடை, தும்மல், திங்கக்கெழமை காலையில அதிகம்

சனி ஞாயிறு மூடி கெடந்து திங்கக்கெழமை தொறக்கும்போது குப்புன்னு வாடை அடிச்சா ஈரம், பூஞ்சை. டெல்டாவுல இதுதான் ரெண்டாவது பெரிய கேஸு. நனஞ்ச அட்டை, புத்தகம், மரம் எதுவானாலும் 24லேர்ந்து 48 மணி நேரத்துக்குள்ள காயலன்னா பூஞ்சை புடிக்க ஆரம்பிச்சுடும், நம்ம ஊர் அடமழையில எது ரெண்டு நாள்ல காஞ்சிருக்கு? ரூமுக்குள்ள ஈரப்பதம் 60 சதவீதத்துக்குள்ள வைங்கன்னு வெளிநாட்டு கைடுல போட்டிருப்பான், கார்த்திகையில நம்ம மைதானத்துலயே 90 இருக்கும், அதனால ஈரப்பதம் மீட்டர மூடி வச்சுட்டு தண்ணி எந்த வழியா உள்ள வருதுன்னு தேடுங்க.

சுவத்துல வெள்ளையா இருக்குறதெல்லாம் பூஞ்சை இல்ல. கரண்டியால கொஞ்சம் சுரண்டி ஒரு டம்ளர் தண்ணியில போட்டுக் கலக்குங்க, கரஞ்சுட்டா உப்பு. நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கம் தண்ணியே உப்பு, செங்கல் வழியா ஏறி காஞ்சு சுவத்துல பூக்கும், அதுக்கு வாசன இருக்காது. கரையாம மெதந்தா, கறுப்பு பச்ச புள்ளி புள்ளியா இருந்தா, மண்ணு வாசன மாதிரி அடிச்சா பூஞ்சை. உப்பு புள்ளைவோளுக்கு கெடுதல் பண்ணாது, ஆனா அங்க ஈரம் ஏறுதுங்கிறதுக்கு சாட்சி.

கறை எங்க இருக்குன்னு பாத்தாலே வழி தெரியும். தரையிலேர்ந்து மூணடி வரைக்கும் மட்டும்னா கீழேர்ந்து ஓதம் ஏறுது. வெளிய போயி பாருங்க, மைதானத்துல மண்ணு அடிச்சு அடிச்சு தரை ஒசந்து ரூம் தரை பள்ளத்துல கெடக்கும், இல்ல கை கழுவுற தண்ணி சுவத்து ஓரமா தேங்கும். அந்த மண்ண வெட்டி எடுத்து தண்ணிக்கு ஒரு வழி பண்ணாம உள்ள எத்தன கோட்டு பெயிண்ட் அடிச்சாலும் அடுத்த தைக்குள்ள உரிஞ்சு விழும். எமல்சன் பெயிண்ட் அடிச்சா இன்னும் மோசம், ஈரம் வெளிய போக வழியில்லாம ஊதிக்கும். அந்த மாதிரி சுவத்துக்கு சுண்ணாம்புதான் சரி, பழைய ஆளுங்க தெரியாமலா அடிச்சாங்க.

சீலிங்ல வட்ட வட்டமா பழுப்பு கறைன்னா மொட்டமாடி. மழை விட்டு ஒரு மணி நேரம் கழிச்சு மேல ஏறிப் பாருங்க, தண்ணி எங்க தேங்கி நிக்குதோ பெரும்பாலும் அதுக்கு கீழதான் கறை இருக்கும். ஒரு பள்ளிக்கூடத்துல நான் ஏறிப் பாத்தப்ப மழத்தண்ணி பைப்பு வாயில வேப்பெல, ஒரு கிழிஞ்ச ஷூ, ரெண்டு பந்து, அதுக்கு மேல முழ ஒசரத்துக்கு ஒரு அரசங்கன்னு. மாடி தட்டோட்டு இடுக்கெல்லாம் வாய பொளந்து கெடந்துது. கன்ன மட்டும் ஒடச்சு போட்டா ஆறு மாசத்துல திரும்ப மொளச்சுடும், வேரோட எடுத்துட்டு அந்த இடுக்க பூசணும். புரட்டாசி முடியிறதுக்குள்ள வருசா வருசம் மாடிய கூட்டி பைப்ப குத்தி விட்டாலே பாதி ஒழுகல் நின்னுடும், செலவு ஒரு ஆள் கூலி. சீலிங்ல பூச்சு கொட்டி துருப்புடிச்ச கம்பி தெரிஞ்சா மட்டும் காத்தெல்லாம் அப்பறம், ரூம காலி பண்ணிட்டு இன்ஜினியர கூப்புடுங்க.

கீழயும் இல்ல மேலயும் இல்ல, சுவரு முழுக்க வேர்த்த மாதிரி இருந்தா ஒண்ணரை அடி பாலிதீன் ஷீட்ட நாலு பக்கமும் டேப் போட்டு ஒட்டி ரெண்டு நாள் விடுங்க. ஷீட்டுக்கு உள்பக்கம் முத்து முத்தா தண்ணி நின்னா சுவத்துலேர்ந்து வருது, வெளிப்பக்கம் நின்னா ரூம் காத்துல உள்ள ஈரம் சுவத்துல படியுது, அதுக்கு காத்தோட்டம்தான் மருந்து.

பூஞ்சைய எடுக்குறது: மொத்தமா பத்து சதுர அடிக்குள்ளன்னா நாமளே செய்யலாம். புள்ளைவோ இல்லாத நாள்ல, என்95 மாஸ்க், கையுறை, சோப்புத்தண்ணி, பிரஷ், தேச்சு தொடச்சு ஃபேன் போட்டு காய விடுறது. காஞ்ச தொடப்பத்தால தட்டுனீங்கன்னா ரூம் பூரா தூவி விட்ட மாதிரி ஆயிடும். அதுக்கு மேல பரவியிருந்தா மாடியையோ சுவத்தையோ மொதல்ல சரி பண்ணிட்டு பூச்ச கொத்தி எடுக்குற வேல. அப்பறம் அந்த ரூம் மூலையில பீரோவுக்கு பின்னாடி பாருங்க. குடுத்தது போக மிச்சமான பழைய பாடப்புத்தகக் கட்டு, ஒடஞ்ச பெஞ்சு, ஈரச் சாக்கு. நான் ஒரு கட்ட தூக்குனேன், அடிப்பக்கம் அப்புடியே கறுப்பா பிஞ்சு தரையிலயே ஒட்டிக்கிட்டு நின்னுடுச்சு, பத்தாவது சமூக அறிவியல். சுவர தேச்சுட்டு கட்ட அங்கயே விட்டா பிரயோஜனம் இல்ல, ஸ்டாக் ரெஜிஸ்டர்ல கழிக்கணும் அதுக்கு ஆர்டர் வரணும்னு ஹெச்எம் சொல்லுவாங்க, அதுவும் நெசந்தான், ஆர்டர் வர்ற வரைக்கும் புள்ளைவோ உக்காராத ரூமுக்கு மாத்திடுங்க.

கம்ப்யூட்டர் லேப்ல ஏசி போட்டதும் அஞ்சு நிமிஷம் அழுகுன சாக்கு வாடை, அப்பறம் போயிடுதுன்னா காயில்லயும் ட்ரேயிலயும் பாசி. ஃபில்டர மட்டும் கழுவுனா போகாது, காயில், புளோவர், ட்ரே, டிரெயின் பைப் நாலையும் தண்ணியடிச்சு கழுவணும். வருசத்துக்கு ரெண்டு வாட்டி. ரெண்டு பீரியடுக்கு நடுவுல ஏசிய நிறுத்தி கதவு ஜன்னல முழுசா தொறந்து பத்து நிமிஷம் விடுங்க.

அறிகுறி: காலையில கண்ணெரிச்சல், தொண்டைக் கரகரப்பு, பத்தரை மணிக்கு மேல கொறயுது

பக்கெட்ல என்ன இருக்குன்னு கேளுங்க. பினாயில் கூடுதலா ஊத்தி காலையில எட்டரைக்கு மொழுகி, காயிறதுக்குள்ள புள்ளைவோ வந்துடும். சாயங்காலம் மொழுகச் சொல்லுங்க, பாட்டில்ல போட்ட அளவுக்கு தண்ணி கலக்கச் சொல்லுங்க, பிரச்சன தீந்துது. புது பெஞ்சு, புது பெயிண்ட் வாசனைனா மே மாச லீவுலயே வேலைய முடிச்சு ரூம தொறந்து போட்டிருக்கணும். பார்ட்டிக்கிள் போர்டு (மரத்தூள பசை போட்டு அழுத்துன பலகை) சாமானெல்லாம் பசையிலேர்ந்து ஃபார்மால்டிஹைட்ங்கிற கண்ணெரிய வைக்கிற வாயுவ விடும், சூட்டுலயும் புழுக்கத்துலயும் அதிகமா விடும்.

பழைய பெயிண்ட் சுரண்டுறதுல ஜாக்கிரதை. பெயிண்ட்ல ஈயம் 90 பிபிஎம்முக்கு மேல இருக்கக் கூடாதுங்கிற சட்டமே 2017 நவம்பர்லதான் நடமொறைக்கு வந்துது, அதுக்கு முன்னாடி ஜன்னல் கம்பியில, கதவுல அடிச்சதுல எவ்வளவு இருக்கும்னு யாருக்கும் தெரியாது. உப்புத்தாள காய வச்சு தேக்காம நனச்சு தேக்கணும், புள்ளைவோ இருக்கும்போது கூடவே கூடாது. ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டும் அதே மாதிரி, தொள போடுறது, தேக்கிறது, ஒடக்கிறது எதுவும் வேணாம், அது பாட்டுக்கு இருக்குற வரைக்கும் இருக்கட்டும்.

வயலுக்கு ஒட்டுன பள்ளிக்கூடம்னா மருந்தடிக்கிறதையும் நோட்டுல குறிங்க. காத்து வர்ற பக்கத்து ஜன்னல் ரூம்ல மட்டும் கண்ணு தண்ணி, குமட்டல்னா ஜன்னல மூடி புள்ளைவோள எதிர்ப்பக்கம் மாத்துங்க. எச்சி ஒழுகுது, வாந்தி, கண்ணு பாப்பா சுருங்கிப் போச்சுன்னா 108. மத்தபடி வயக்காரர் நம்ம ஊரு ஆளுதான், அவர் புள்ளையும் இங்கதான் படிக்கும், ஞாயித்துக்கெழமை அடிங்க மாமான்னா அடிப்பாரு.

அறிகுறி: அறுப்பு சமயத்துல இருமல், ஜன்னல் கட்டையில தூசி

குறுவ அறுப்பு செப்டம்பர் அக்டோபர், சம்பா தாளடி தைலேர்ந்து மாசி வரைக்கும். இருமல் இந்த மாசத்துல ஏறி எறங்குனா வெளிய தேடுங்க: நெல்லு கொள்முதல் நிலையத்துல தூத்துற தூசி, வைக்கோல் கொளுத்துற பொக, ரைஸ் மில் உமிச்சாம்பல். ஜன்னல் கட்டைய தொடச்சு வெள்ளத் துணிய ஈரமாக்கி விரிச்சு வச்சு சாயங்காலம் பாருங்க. நறநறன்னு கறுப்பா சாம்பலா இருந்தா மில்லு, தேச்சா மையி மாதிரி இழுத்தா பொக, மஞ்சளா சுணை மாதிரி அரிச்சா நெல்லுத் தூசி, வெள்ளை மாவுன்னா சாக்பீஸு, அது உங்க டஸ்டர்தான், வெளிய கொண்டுபோயி தட்டச் சொல்லுங்க.

பியூரிஃபையருக்கு வேல இருக்குறது இங்கதான். ஹெப்பா ஃபில்டர் (ரொம்ப நுண்ணிய தூசியையும் புடிக்கிறது) உள்ளதா, ரூம் அளவுக்கு ஏத்ததா இருக்கணும், அப்பயும் காத்து வராத பக்கத்து ஜன்னல் தொறந்துதான் இருக்கணும். தொடப்பத்துக்கு பதிலா ஈரத்துணி போட்டு தொடக்கிறது இதுல பெரிய வித்தியாசம் பண்ணும். பிஎம் 2.5க்கு, அதாவது நுரையீரல் வரைக்கும் போற நுண்தூசிக்கு, நம்ம நாட்டு அளவு 24 மணி நேர சராசரியா ஒரு கன மீட்டர் காத்துல 60 மைக்ரோகிராம், உலக சுகாதார நிறுவனம் 2021ல சொன்னது 15. ஒண்ணு மட்டும், மார்கழி பனியில சின்ன மீட்டர நம்பாதீங்க, அது பனித்துளியையும் தூசின்னு எண்ணி 200, 300 காட்டும், அத ஃபோட்டோ எடுத்து குரூப்ல போட்டு ஊரே கலவரமான கதையெல்லாம் உண்டு. பனி வெலகி பத்து மணிக்கு மேல பாருங்க. அப்பயும் தெனம் அதிகமா இருக்கு, மில்லு பக்கத்துலேர்ந்துதான் வருதுன்னா நோட்டையும் துணியையும் வச்சு பள்ளி மேலாண்மைக் குழுவுல தீர்மானம் போட்டு மாசு கட்டுப்பாட்டு வாரிய மாவட்ட ஆபீசுல குடுங்க. தேதி, மணி, காத்து திசை எழுதுன நோட்டு கையில இருந்தா அந்த ஆபீசுல பேச்சே வேற மாதிரி இருக்கும்.

அறிகுறி: லீவு முடிஞ்சு தொறந்ததும் அழுகுன முட்டை நாத்தம்

பயப்படாதீங்க, ஒரு பக்கெட் தண்ணி போதும். பாத்ரூம், லேப் சிங்க்குக்கு கீழ நாணி டிராப்ல எப்பவும் கொஞ்சம் தண்ணி நிக்கும், அதுதான் சாக்கடை வாயு மேல வராம தடுக்குற மூடி. மே மாசம் பூரா யாரும் தண்ணி ஊத்தலன்னா காஞ்சுடும். எல்லா ஓட்டையிலயும் ஒரு பக்கெட் ஊத்திட்டு மறுநாள் பாருங்க. கெமிஸ்ட்ரி லேப்ல உபயோகிக்காத மூல சிங்க்க மறந்துடாதீங்க.

ஊத்தியும் நிக்கல, அதுவும் மழைக்காலம்னா செப்டிக் டேங்க். நம்ம பக்கம் நெலத்தடி நீர் மேல வந்துடும், டேங்க்குத் தண்ணி மண்ணுல எறங்க எடமில்லாம எதுத்துக்கிட்டு வரும். டேங்க்கு வாயு வெளிய போற வென்ட் பைப்பு மேல வரைக்கும் இருக்கா, ஒடஞ்சு ஜன்னல் ஒசரத்துல நிக்குதான்னும் பாருங்க. டேங்க்குக்குள்ள எறங்கி பாக்குறேன்னு யாரையும் விடாதீங்க, உள்ள இருக்குற வாயு அதிகமானா மூக்கு மரத்துப் போயி நாத்தமே தெரியாது, எறங்குனவன் திரும்ப மாட்டான். ஆள எறக்குறது கையால மலம் அள்ளுறத தடை செய்யிற 2013 சட்டப்படி குத்தம். லாரிய கூப்புடுங்க.

அறிகுறி: மேல ஓட்டுக்குள்ள சலசலப்பு, காரமான மூத்திர வாடை

வௌவால், இல்லன்னா புறா. எச்சத்த காஞ்சபடி கூட்டாதீங்க, தண்ணி தெளிச்சு நனச்சு மாஸ்க் போட்டு அள்ளுங்க. வௌவால் சாயங்காலம் வெளிய போன பொறவு பொந்த அடைக்கணும், குட்டி உள்ள இருக்கான்னு பாத்துட்டு.

அந்த ஆடி மாசத்து பள்ளிக்கூடத்துக்கு மறுபடி போயிருந்தேன். ஜாலியில வலை அடிச்சாச்சு, மேக்கு ஜன்னல பாதி தொறந்து பெஞ்ச காத்து நேரா அடிக்காத மாதிரி ஒரு அடி நகத்தியாச்சு, நோட்டு பறக்காம இருக்க ஆளுக்கொரு கூழாங்கல்லு. மூணாவது பீரியட் முடிவுல 900. ஒரு பியூரிஃபையர ரோட்டு பக்கத்து எல்கேஜி ரூமுக்கு மாத்தியிருந்தாங்க, இன்னொண்ணு ஹெச்எம் ரூம்ல ஓடிக்கிட்டு இருந்துது, நான் ஒண்ணும் கேக்கல, டீச்சரும் ஒண்ணும் சொல்லல, டீ மட்டும் வாங்கிக் குடுத்தாங்க.